மீற்றிங் தொடங்க முதலே உலகத்தை முடித்துவிடுகிற மனேஜரோடு கதைப்பது எப்படி

திங்கட்கிழமை காலை எட்டரை மணி. யாழ்ப்பாணத்தில் கொக்குவில் பக்கம் ஒரு சின்னப் பொதியிடும் நிலையம். ஒடியல் மா, பனங்கட்டி, மோர்மிளகாய், வறுத்த மிளகாய்த்தூள் என்று பைக்கற் பண்ணி லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் அனுப்புகிறார்கள். இருபத்திரண்டு பேர் வேலை. மனேஜர் அண்ணை வந்து, கதிரையை இழுத்துப் போட்டு, போனை மேசையில் வைத்துவிட்டு, "பாத்தனீங்களோ இரவு நியூஸ்?" என்று தொடங்குவார். செங்கடல், உக்ரைன், காசா, அமெரிக்காவின் வரி, ஏஐ வந்து எல்லாருடைய வேலையையும் பறிக்கப்போகிற கதை, கடைசியில் கடல் ஏறி யாழ்ப்பாணமே தாழப்போகிறது. இருபத்தைந்து நிமிடம் போய்விடும். பிளேன்ரீ ஆறிப்போயிருக்கும், ரோல்ஸை ஒருவரும் தொட்டிருக்க மாட்டார்கள். பிறகு, "சரி, இந்தக் கிழமை ஓடர் என்ன மாதிரி?" என்பார். யாருக்கு வாய் வரும்?

முதலாளி கனடாவில். அவர்தான் எனக்கு அழைப்பெடுத்தார். "அவரோட ஒருக்கா கதையுங்கோ தங்கச்சி. மனுசன் தங்கமான ஆள், களவு பொய் ஒண்டும் இல்லை. ஆனா அவற்ற வாயைக் கேட்டே பிள்ளையள் வேலையை விட்டிட்டு வெளிநாடு போகப் பாக்குதுகள்."

நிறுவனங்களில் பொறுப்பில் இருப்பவர்களோடு தனித்தனியே இருந்து கதைத்து, அவர்களுடைய வேலைமுறையைத் திருத்த உதவுவதுதான் என் தொழில். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எனக்கு வருகிற அழைப்புகளில் கணிசமானவை இந்த வகைதான். வங்கிக் கிளையிலும் பார்த்திருக்கிறேன், தொண்டு நிறுவனத்திலும் பார்த்திருக்கிறேன், ரியூசன் சென்ரர் நடத்துகிறவரிடமும் பார்த்திருக்கிறேன். கீழே சொல்கிற மனேஜர் அண்ணை இப்படி நாலைந்து பேரைக் கலந்து செய்த ஆள், அடையாளம் தேடாதீர்கள். எழுதியிருப்பவற்றில் பாதி நான் பிழையாகச் செய்து பார்த்துப் பிறகு திருத்திக்கொண்டவை.

வாதாடப் போகாதீர்கள்

என் முதல் பிழையைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாளே லப்ரொப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நல்ல செய்திகளைக் காட்டத் தொடங்கினேன். 1990இல் உலகத்தில் ஐந்து வயதுக்குள் இறந்த பிள்ளைகள் ஒரு கோடி இருபது லட்சத்துக்கு மேல், 2022இல் அது 49 லட்சம். 1934-35 மலேரியாவில் இந்தத் தீவில் ஏறக்குறைய எண்பதாயிரம் பேர் செத்தார்கள், 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. இப்படியே வரைபடம் வரைபடமாக.

அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "மலேரியா போச்சுது, சரி. டெங்கு?" என்றார்.

அதற்குப் பிறகு முக்கால் மணித்தியாலம் டெங்கு. நான் ஒன்று சொல்ல அவர் இரண்டு சொன்னார். போகும்போது அவர் வந்ததைவிட உறுதியாகப் போனார், எனக்குத் தலையிடி.

குடியை விடவைக்கிற ஆலோசகர்கள் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டு மனமாக இருக்கிற ஒருவரிடம் நீங்கள் ஒரு பக்கத்தை எடுத்து வாதாடினால், அவர் தன்னையறியாமல் மற்றப் பக்கத்தை எடுத்துக்கொள்வார். வாதாட வாதாடத் தன் வாதத்தைத் தானே கேட்டு அதையே நம்பவும் தொடங்குவார். நீங்கள் நம்பிக்கையின் வக்கீலாகப் போய் நின்றால் அவருக்கு மிஞ்சுவது அவநம்பிக்கையின் வக்கீல் வேலை மட்டும்தான். அந்த வழக்கில் அவருக்கு ஆதாரம் கூட.

எங்கள் ஊரில் அந்த ஆதாரம் போனில் வந்தது மட்டும் இல்லை, இதைக் கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வருகிற பயிற்றுநர்கள் அடிக்கடி தவறவிடுகிறார்கள். ஐம்பது வயது கடந்த ஒருவரை எடுங்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர். 1995 ஒக்ரோபர் 30 இரவு, மழையில், லட்சக்கணக்கான சனத்தோடு சனமாக யாழ்ப்பாணத்தை விட்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர். அதற்குப் பிறகு சுனாமி, 2009 இறுதிப் போர், 2022 நெருக்கடி. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் "ஒண்டும் நடக்காது, பயப்படாதேங்கோ" என்று சொன்னார், ஒவ்வொரு முறையும் நடந்தது. தொண்ணூற்றைந்தில் "இரண்டு நாளில திரும்பி வந்திடலாம்" என்று நம்பியவர்கள் உடுத்த உடுப்போடு போனார்கள். எல்லாம் போகப்போகிறது என்று முதலே புலம்பிக்கொண்டிருந்த மனுசன்தான் காணி உறுதியையும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் பொலித்தீன் பையில் சுற்றிக் கையோடு கொண்டுபோனார். அவரிடம் போய்ப் "பொசிற்றிவ்வாக யோசியுங்கோ" என்று சொல்வது மடத்தனம். அவருடைய அவநம்பிக்கை அவருடைய குடும்பத்தை ஒருமுறை காப்பாற்றியிருக்கிறது. அதை ஏன் அவர் உங்களிடம் தூக்கித் தரவேண்டும்?

ஆகவே அதைப் பிடுங்க முயலாதீர்கள். அதற்கு ஒரு வேலை கொடுப்பதுதான் உங்களுடைய வேலை.

எங்கே இருந்து கதைப்பது, எப்படிக் கூப்பிடுவது

"கோச்சிங்" என்ற சொல்லை எடுக்க வேண்டாம். "ஆலோசனை" என்ற சொல்லையும் வேண்டாம், எங்கள் பக்கத்தில் அதைக் கேட்டவுடனே "எனக்கென்ன விசரோ?" என்றுதான் மனம் போகும். "அண்ணை, வேலை விசயமா உங்களோட ஒரு அரை மணித்தியாலம் கதைக்கோணும்" போதும். வயதில் மூத்தவரை அண்ணை, அக்கா, சேர், மிஸ் என்று அந்த இடத்தில் எல்லாரும் எப்படிக் கூப்பிடுகிறார்களோ அப்படியே கூப்பிடுங்கள். பயிற்சிப் புத்தகத்தில் இருக்கிறது என்பதற்காகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அன்றோடு சரி.

மேசைக்கு இரண்டு பக்கமும் எதிரெதிராக இருந்தால் அது விசாரணை மாதிரி ஆகிவிடும். பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற மாதிரி ஏதாவது ஒழுங்கு செய்யுங்கள். ஆண்கள் இரண்டு பேர் என்றால் பின்னேரம் பண்ணைப் பக்கம் நடந்துகொண்டே கதைக்கலாம், காற்றும் நல்லது. நான் பெண், அவரைவிடப் பதினைந்து வயது குறைவு, நாங்கள் இரண்டு பேரும் பண்ணைக் கடற்கரையில் நடந்தால் அடுத்த நாள் உலகப் பிரச்சினையை விட்டுவிட்டு ஊர் எங்களைப் பற்றிக் கதைக்கும். அதனால் ஸ்ரோருக்குள் பெட்டி எண்ணுகிற வேலையை இரண்டு பேருமாகச் செய்தோம். கையில் கொப்பி, கண் பெட்டியில், வாய் தன்பாட்டில் திறக்கும்.

முதல் இரண்டு சந்திப்பிலும் நீங்கள் கேட்கிற ஆள் மட்டும்தான். "ஏன் இப்படி யோசிக்கிறீங்கள்?" என்று கேட்டால் குற்றம்சாட்டுகிற மாதிரி இருக்கும். நான் கேட்பது, "இந்த நியூஸ் எல்லாத்திலயும், உங்களை இரவு நித்திரை கொள்ள விடாமச் செய்தது எது?" பதிலை அவருடைய சொல்லிலேயே திருப்பிச் சொல்லுங்கள், உங்களுடைய கருத்தைச் சேர்க்காமல். பிறகு பேசாமல் இருங்கள். இதுதான் கஷ்டம், எனக்கு இன்னும் கஷ்டம்.

மனேஜர் அண்ணை செங்கடலில் தொடங்கினார். கப்பல், மிசைல், காப்புறுதிக் கட்டணம் என்று போனார். மோர்மிளகாய்ப் பெட்டி பதினொன்றா பன்னிரண்டா என்று இரண்டாம் தரம் எண்ணிக்கொண்டிருக்கும்போது, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"ரெண்டாயிரத்து இருபத்திரண்டில ஏழு பேரை வீட்டை அனுப்பினனான் தங்கச்சி. காஸ் இல்லை, டீசல் இல்லை, கரண்ட் இல்லை, மிளகாய் வறுக்க வழியில்லை. பெட்டையள் அழுதவை. ரெண்டு மாசம்தான் எண்டு சொன்னனான். அதில மூண்டு பேர் இண்டைக்கும் கோயில்ல கண்டால் முகத்தைத் திருப்புதுகள்."

"ரெண்டு மாசம் எண்டு சொன்னது…"

"ஓம். பொய்யாப் போச்சு. முதலே தெரிஞ்சிருந்தா முதலே சொல்லியிருப்பன்."

இருபத்தைந்து நிமிட உலகச் செய்தியின் பின்னால் இருந்தது இதுதான். அவர் ஊழியர்களைப் பயமுறுத்தவில்லை. இன்னொரு முறை முன்னறிவித்தல் இல்லாமல் யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று, தெரிந்த ஆபத்து எல்லாவற்றையும் கிழமைக்கு ஒருமுறை அறிவித்துக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் இப்படி ஒரு கதை இருக்கும் என்று நான் சொல்லவில்லை, சிலருக்கு வெறும் யூரியூப் பழக்கம்தான். ஆனால் கேட்காமல் அது எதுவென்று தெரியாது.

வாசலுக்கு வருகிற வழி

மூன்றாவது சந்திப்பில்தான் பேப்பர் எடுப்பது. நான் பெரிய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தைப் பாவிக்கிறேன், விலையில்லை, இடமும் தாராளம். அவருடைய கவலை எல்லாவற்றையும் இடது பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதச் சொல்லுங்கள். ஒன்றையும் வெட்டாதீர்கள், சிரிக்காதீர்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: "அண்ணை, இது எங்கட வாசலுக்கு எப்பிடி வரும்?"

வழியை அவர்தான் வரையவேண்டும், படி படியாக. உதாரணத்துக்குச் செங்கடல். 2023 நவம்பரிலிருந்து அங்கே கப்பல்களைத் தாக்கத் தொடங்க, பெரிய கப்பல் கம்பனிகள் சுயெஸ் கால்வாயை விட்டுவிட்டு ஆபிரிக்காவின் தெற்கு முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. கொழும்பிலிருந்து லண்டனுக்குப் போகிற பெட்டிக்குப் பத்துப் பதினாலு நாள் கூட. கூடினால் என்ன? கடையில் போய் இறங்கும்போது பாவனை முடிவுத் திகதிக்கு இருக்கிற நாள் குறையும். குறைந்தால்? கடைக்காரர் விலை குறைத்துக் கேட்பார், அல்லது திருப்பி அனுப்புவார். எந்தச் சாமானில்? ஒடியல் மா தாங்கும், மோர்மிளகாயும் தாங்கும், எண்ணெய் சேர்த்த ஊறுகாய் வகைதான் சிக்கல். அப்படியானால் ஊறுகாயைப் போத்தலில் அடைக்கிற நாளைக் கப்பல் ஏற்றுகிற நாளுக்குக் கிட்டக் கொண்டுவர முடியுமா?

"ஏலும். ஒரு கிழமை தள்ளலாம்," என்றார்.

அவ்வளவுதான். மாதக்கணக்கில் ஒவ்வொரு திங்களும் ஓடிக்கொண்டிருந்த செங்கடல், ஒரு கிழமை தள்ளிப் போத்தல் அடைப்பதாகச் சுருங்கியது. அவருடைய முகத்தைப் பார்த்தேன், பெரிய மகிழ்ச்சி ஒன்றும் இல்லை, ஆனால் பேனையைக் கீழே வைக்காமல் அடுத்த வரிக்குப் போனார்.

அடுத்த வரி அமெரிக்க வரி. 2025 ஏப்ரிலில் இலங்கைச் சாமானுக்கு 44 வீதம் என்று அறிவித்து, யூலையில் 30 ஆக்கி, ஓகஸ்ற்றில் 20இல் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இந்த மூன்று இலக்கமும் அவருக்கு மனப்பாடம். "அமெரிக்காவுக்கு நாங்கள் எத்தினை பெட்டி அனுப்புறம் அண்ணை?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "போன வருசம்… ஒண்டும் இல்லை." எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கினேன். அவர்தான் முதலில் சிரித்தார். பிறகு தானாகவே, "ஆனா அங்க விக்கேலாத உடுப்புக் கம்பனியள் ஆளைக் குறைச்சா, இஞ்சத்தைப் பிள்ளையளுக்குத்தானே வேலை போகும்" என்றார். அது உண்மைதான். வடக்கிலும் ஆடைத் தொழிற்சாலைகள் இருக்கின்றன, எங்கள் பொதியிடும் பெண்கள் சிலருடைய சகோதரிகள் அங்கே வேலை. அதை அழிக்கவில்லை, "வழி நீளம்" என்று பக்கத்தில் குறித்துவைத்தோம்.

காசா, உக்ரைன் போன்றவற்றுக்கு வாசலுக்கு வருகிற வழி கிடைக்காமல் போகலாம், அல்லது எண்ணெய் விலை என்று ஒரு தூரத்து வழி கிடைக்கலாம். இங்கே கவனம் தேவை. "அது எங்கட பிரச்சினை இல்லை, விடுங்கோ" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். குண்டுக்குள் இருந்து வந்த மனிதருக்குக் குண்டுக்குள் இருக்கிற மனிதரைப் பற்றிக் கவலைப்படாதே என்று சொல்ல எங்களுக்கு என்ன தகுதி? இந்த வகைக் கவலைக்கு வேலைக்கு வெளியே ஒரு இடம் ஒதுக்கச் சொல்கிறேன். மாதம் ஒரு தொகை கொடுக்கலாம், வெள்ளிக்கிழமை கோயிலில் ஒரு விளக்கு வைக்கலாம், ஒத்த மனமுள்ள நண்பரோடு ஞாயிறு பின்னேரம் வடிவாக இருந்து கதைக்கலாம். திங்கள் எட்டரை அதற்கான நேரம் இல்லை என்பது மட்டும்தான் ஒப்பந்தம்.

பயத்துக்கு வியாழக்கிழமை

அவநம்பிக்கைக்காரர் ஒருவரைச் சந்தோசப்படுத்தினால் வேலை நன்றாக நடக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். யூலி நோரெம் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைப் பற்றி நிறைய ஆய்வு செய்தவர். என்ன பிழைக்கும் என்று முதலே யோசித்து யோசித்துத் தயாராகிற ஒரு வகை மனிதர்கள் இருக்கிறார்கள், அப்படி யோசிக்க விடாமல் தடுத்தால் அவர்கள் செய்வதும் குறைந்துபோகும் என்பது அவருடைய முடிவு. மனேஜர் அண்ணை அந்த வகை. ஆகவே அவருக்கு வியாழக்கிழமை மூன்று மணியிலிருந்து மூன்றரை வரை கொடுத்தோம்.

அதில் செய்வது, கேரி கிளைன் என்ற உளவியலாளர் 2007இல் எழுதிப் பிரபலமாக்கிய ஒரு முறை. வேலை தொடங்க முன்பே அது தோற்றுவிட்டதாக வைத்துக்கொண்டு காரணம் தேடுவது. நாங்கள் அதை இப்படிச் சொல்கிறோம்: "தை மாசம் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. தைப்பொங்கல் ஓடர் முழுக்கப் பிழைச்சுப்போச்சு. ஏன் பிழைச்சது?" ஐந்து நிமிடம் எல்லாரும் தனித்தனித் துண்டில் எழுதவேண்டும், கதைக்கக் கூடாது. வாசிக்கும்போது ஆகக் குறைந்த சம்பளக்காரர் முதல், மனேஜர் கடைசி. இந்த ஒழுங்கு முக்கியம், அவர் முதலில் வாயைத் திறந்தால் மற்ற எல்லாத் துண்டிலும் அவருடைய கவலைதான் எழுதியிருக்கும்.

முதல் வியாழன் என்ன வந்தது தெரியுமா? மட்டைப்பெட்டி ஒரே ஒரு ஆளிடமிருந்துதான் கொழும்பிலிருந்து வருகிறது. ஏற்றுமதிப் பத்திரம் நிரப்ப ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் தெரியும், அந்தப் பிள்ளைக்கு மார்கழியில் கலியாணம். சீல் அடிக்கிற மெசினின் ஹீற்றர் இரண்டு முறை எரிந்தது, கையிருப்பில் மாற்று இல்லை. உலகத்தில் ஒரு செய்திச் சனலும் இதைச் சொல்லியிருக்காது. சனலில் வராததைக் கண்டுபிடிப்பதில்தான் மனேஜர் அண்ணை விண்ணர், அவர் எழுதிய ஒன்பதில் நாலு மற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒரு விதி வையுங்கள். மேசைக்கு வந்த எந்தப் பயமும் ஒரு ஆளின் பெயரும் ஒரு திகதியும் இல்லாமல் எழும்பிப் போகக் கூடாது. பெயரும் திகதியும் போட முடியாதது இந்த மேசைக்கு உரியதல்ல, நாட்காட்டித் தாளுக்குத் திரும்பிப் போகட்டும்.

கூடவே பேச்சையும் கொஞ்சம் மாற்றலாம். "எல்லாம் முடிஞ்சுது" என்று வாயில் வரும்போது "இப்பிடி நடந்தால், இப்பிடிச் செய்வம்" என்று வசனத்தை முடிக்கப் பழக்குங்கள். "கப்பல் ரெண்டு கிழமை பிந்தினால், ஊறுகாயை விட்டிட்டு மாவை மட்டும் ஏத்துவம்." பயம் அப்படியே இருக்கட்டும், வசனத்துக்கு வால் ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

அவருடைய வாய்க்கு இருக்கிற எடை

இதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று நான் நிறைய யோசித்தேன். பொறுப்பில் இருக்கிறவரின் மனநிலை கூட இருப்பவர்களுக்குத் தொற்றும் என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. சிகல் பார்சேட் என்பவர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி கொடுத்த ஒருவரைக் குழுக்களுக்குள் நடிக்க விட்டுப் பார்த்தார், அந்த ஒருவரின் மனநிலை மற்றவர்களுக்குப் பரவியது. அதுவும் சாதாரண உறுப்பினர் போல இருந்தவர். சம்பளத் துண்டில் கையெழுத்துப் போடுகிறவர் என்றால் சொல்லவா வேண்டும்.

ஆனால் ஆய்வைச் சொன்னால் ஆய்வோடு வாதாடுவார். அதனால் அவருடைய அனுமதியோடு ஒரு திங்கள் மீற்றிங்கில் மூலையில் இருந்து கோடு கிழித்தேன். வெளி உலகம் பற்றி ஒரு வசனம் சொன்னால் இடது பக்கம் ஒரு கோடு, வேலை பற்றி என்றால் வலது பக்கம். முடிய, தாளை மடித்து அவரிடம் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். இடது பக்கம் கோடு போட இடம் போதாமல் கீழேயும் வளைந்து போயிருந்தது. இரண்டு நாள் கழித்து அழைப்பெடுத்தார். "பத்திரம் நிரப்பிற பிள்ளை கனடா விசிற் விசாவுக்குப் போட்டிருக்காம். கேட்டன். 'நீங்கள்தானே சேர் இஞ்ச ஒண்டும் மிஞ்சாது எண்டனீங்கள்' எண்டு சொல்லுது."

அவர் அபிப்பிராயம் என்று நினைத்துச் சொன்னதை அந்தப் பிள்ளை அறிவித்தலாகக் கேட்டிருக்கிறது. இதை நான் ஒரு மணித்தியாலம் விளக்கியிருந்தாலும் இப்படி ஏறியிருக்காது.

அதற்காக அவரைப் பொய்யாகச் சிரிக்கச் சொல்லாதீர்கள். இந்த ஊரில் பொய் நம்பிக்கையை மணத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லட்டும். "மார்ச் வரைக்கும் ஓடர் இருக்கு, அதுக்குப் பிறகு இன்னும் தெரியாது, பெப்ரவரி பத்தாம் திகதி சொல்லுவன்" என்று அவர் சொன்ன திங்கள், அறையில் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. திகதி சொன்னால் அந்தத் திகதியில் சொல்லியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் 2022இன் "ரெண்டு மாசம்" கதைதான் திரும்பவும்.

போன்

தடைக் காலத்தில் பற்றரி வரவிடாதபோது சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோவை ஓடவைத்து லண்டன் செய்தி கேட்டவர்கள் நாங்கள். ஒருவர் சுற்ற, நாலு வீட்டார் கேட்பார்கள். அரை மணித்தியாலம். செய்தி முடியக் கையும் முடிந்துவிடும், சைக்கிளை நிமிர்த்திவிட்டு எல்லாரும் படுக்கப் போவார்கள். நான் அப்போது சின்னப்பிள்ளை, சில்லு சுற்றுகிற சத்தம்தான் நினைவிருக்கிறது. இப்போது கை நோகாமல் விடியும்வரை வருகிறது, சிவப்பு அம்புக்குறி போட்ட வீடியோ ஒன்று முடிய முன்னரே அடுத்தது.

மனேஜர் அண்ணையிடம் இந்தக் கதையைச் சொன்னேன், அவருக்கு என்னைவிட நன்றாக நினைவிருந்தது, சுற்றிய கையே அவருடையது. "அப்ப அரை மணித்தியாலம் எண்டு வைப்பம்" என்று அவரே சொன்னார். பின்னேரம் ஆறரை தொடங்கி ஏழு வரை. காலையில் மீற்றிங் முடியும்வரை இல்லை, படுக்கையில் இல்லை. முதல் முறை மூன்று நாளில் முறிந்தது. இரண்டாம் முறை போனை இரவில் ஹோலில் சார்ஜுக்குப் போட்டு, பழைய அலாம் மணிக்கூடு ஒன்றை அறைக்குள் வைத்தார், அது கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறது. வேலைக்குத் தேவையான செய்தி இருக்கிறதே, கப்பல் அட்டவணை, டொலர் விலை, மிளகாய் விலை, அதைக் காலையில் பார்க்கிற பொறுப்பு கணக்குப் பார்க்கிற பிள்ளைக்குப் போனது. அவர் கேட்டால் அது சொல்லும்.

இது உங்கள் வேலை இல்லாத இடம்

இதை நேராகச் சொல்கிறேன். இரண்டு கிழமைக்கு மேலாக நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, முன்பு பிடித்த எதிலும் நாட்டமில்லை, குடி கூடியிருக்கிறது, "இருந்து என்ன பிரயோசனம்" என்ற பேச்சு வருகிறது என்றால், நாட்காட்டித் தாளை மடித்து வையுங்கள். "சாகிற யோசனை வருகுதோ அண்ணை?" என்று நேரடியாகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஓம் என்றால் தனியே விட்டுவிட்டு வராதீர்கள். யாழ் போதனா வைத்தியசாலையில் உளமருத்துவப் பிரிவு இருக்கிறது, கூடப் போங்கள், "பிரஷருக்குக் காட்டிற மாதிரித்தான்" என்று சொல்லிக் கூட்டிப் போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு நீங்களே அழைப்பெடுத்தும் கேட்கலாம். என்னிடம் வந்தவர்களில் ஒருவரை இப்படிக் கூட்டிப் போனேன். நான் கதைத்துத் திருத்தலாம் என்று நினைத்துப் பிந்திய இரண்டு கிழமை இன்னும் உறுத்துகிறது.

நீங்கள் அவருக்குக் கீழே வேலை செய்பவர் என்றால்

மேலே சொன்னவற்றில் பாதியை உங்களால் செய்ய முடியாது, செய்யவும் போகாதீர்கள். எல்லாருக்கும் முன்னால் திருத்த வேண்டாம். ஆனால் அந்த ஒரு கேள்வி உங்களுக்கும் கிடைக்கும்: "சேர், இது எங்கட வாசலுக்கு எப்பிடி வரும்? நான் குறிச்சு வைக்கிறன்." மரியாதையும் இருக்கிறது, கொப்பியும் திறந்திருக்கிறது. மூன்று நாலு முறை இப்படிக் கேட்டால் அவரே பதிலோடு வரத் தொடங்குவார். மீற்றிங்கில் ஓடரை முதலில் எடுத்து உலகத்தைக் கடைசியில் வைக்கச் சொல்லிக் கேட்கலாம், கடைசியில் எல்லாருக்கும் பஸ் இருக்கும்.

எவ்வளவு காலம் எடுக்கும் என்று கேட்பீர்கள். கிழமைக்கு ஒன்றாக ஆறு ஏழு சந்திப்பு, பிறகு மாதம் ஒன்று. அவர் நம்பிக்கைவாதி ஆகமாட்டார், அதை முதலாளிக்கு முதலே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் காசு வீண் என்பார்.

மூன்று மாதத்துக்குப் பிறகு போனபோது திங்கள் மீற்றிங் முப்பது நிமிடத்தில் முடிந்தது, வியாழன் தாள் சுவரில் ஒட்டியிருந்தது, சீல் மெசினுக்கு மாற்று ஹீற்றர் இரண்டு அலுமாரியில் இருந்தது. பத்திரம் நிரப்ப இன்னொரு பிள்ளையும் பழகிவிட்டது. ஒன்று மட்டும் சரிவரவில்லை. வேலைத்தல வட்ஸ்அப் குறூப்பில் இரவு பதினொரு மணிக்குப் பனிமலை உருகுகிற வீடியோ போடுவதை அவர் நிறுத்தவில்லை. இரண்டு முறை கதைத்துப் பார்த்தேன். கடைசியில் பிள்ளைகளிடம் குறூப்பை மியூட் பண்ணச் சொல்லிவிட்டேன், அவர்கள் எப்போதோ பண்ணியிருந்தார்கள்.